வந்தனான்: ஒரு வினைச்சொல்லின் பின்னால் ஆறு ஆண்டுகள்

ஸ்லாவிய மொழித் துறையில் ஆராய்ச்சி செய்பவரிடம் உலகம் இரண்டே கேள்விகளைக் கேட்கிறது: ‘அது என்ன மொழி?’, ‘இன்னும் முடியவில்லையா?’ ஆய்வேடு ஒன்றைச் சுமந்து திரிந்த வாசகர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் தேவைப்படாது. மற்றவர்களுக்காகச் சிறிது சொல்கிறேன்.

நான் தஞ்சாவூரில் தமிழ் இலக்கணம் படித்தவள். சென்னையில் மாலை வகுப்பில் ரஷ்ய மொழி கற்று, மாஸ்கோவில் மூன்றாண்டுகள் அதைச் செம்மைப்படுத்திக்கொண்டு, கணவரின் கணினி வேலையைப் பின்தொடர்ந்து ஒஸ்லோவுக்கு வந்து, இரண்டாயிரத்தை அடுத்த ஆண்டுகளில் அங்கே ரஷ்யம் உள்ளிட்ட ஸ்லாவிய மொழிகளுக்கான ஒரு பல்கலைக்கழகத் துறையில் முனைவர் பட்ட ஆய்வாளராக அமர்ந்தேன். ஆய்வுப் பொருள் ஒரே ஒரு வேறுபாடு. ‘வந்தான்’ என்பதற்கு ரஷ்ய மொழியில் இரண்டு சொற்கள் உண்டு. ‘ப்ரிஷோல்’ என்றால் வந்தான், இங்கேதான் இருக்கிறான். ‘ப்ரிஹதீல்’ என்றால் வந்தான், போய்விட்டான். வந்தது மட்டும் உண்மை. ஏறக்குறைய எல்லா வினைக்கும் இப்படி இரட்டை வடிவம். நடந்து முடிந்த செயல் ஒன்றுக்கு ரஷ்யர்கள் எப்போது இந்த இரண்டாம் வடிவத்தைத் தேர்கிறார்கள் என்பதற்கு, விதிவிலக்கே இல்லாத ஒரு விதியை எழுதிவிடுவது என் திட்டம்.

அதை என் மேற்பார்வையாளர் பேராசிரியர் இங்கெபோர்க் ஓய்வு பெறுவதற்குள் எழுதியாக வேண்டும். துறையில் இப்பொருளை அறிந்தவர் அவர் ஒருவரே. அவருக்குப் பின் அந்த இடம் நிரப்பப்படாது என்பதும், துறையே வேறொரு பெரிய துறையோடு இணைக்கப்படும் என்பதும் முன்னரே முடிவாகிவிட்டன. அவர் போய்விட்டால் என் ஆய்வேட்டை வாசிக்க ஆள் இல்லை. வாசிக்க ஆளில்லாத ஆய்வேட்டுக்குப் பட்டமும் இல்லை.

ஹம்மர்பெஸ்ட்டில் ஒரு ஜன்னல்

விதி எழுதுவதற்குச் சான்று வேண்டும். சான்றுக்கு ரஷ்யர்கள் வேண்டும். வடகோடியில் ஹம்மர்பெஸ்ட்டில், மீன் பதனிடும் ஆலையில் ரஷ்யப் பெண்கள் வேலை செய்கிறார்கள் என்று கேள்விப்பட்டு, நாற்பது வாக்கியங்கள் கொண்ட வினாத்தாளுடன் அங்கே போனேன். ஒவ்வொரு வாக்கியத்திலும் வினைச்சொல் இருக்க வேண்டிய இடம் வெற்றிடமாக இருக்கும். இரு வடிவங்களில் ஒன்றை அவர்கள் தேர்ந்து எழுத வேண்டும். ஏழாவது வாக்கியம் எனக்கு மிகவும் பிடித்தமானது: ‘ஜன்னலை யார் திறந்தது?’ ஜன்னல் இன்னும் திறந்திருந்தால் ஒரு வடிவம்; யாரோ திறந்து மீண்டும் மூடிவிட்டிருந்தால் மற்றொரு வடிவம். இதைவிடத் தெளிவான வேறுபாடு எந்த மொழியிலும் கிடையாது என்று நான் நம்பியிருந்தேன்.

உணவு இடைவேளையில் ஒரு பெண் என் எதிரே வந்து அமர்ந்தாள். ரப்பர் பூட்ஸைக் கழற்றாமலே ஏழாவது வாக்கியத்தை இருமுறை வாசித்தாள். இரு வடிவங்களுக்கும் நேரே குறி போட்டாள். ஒன்றைத்தான் தேர வேண்டும் என்று பணிவாக நினைவூட்டினேன். வெளியே பனிக்காற்று தகரக் கூரையைப் பெயர்த்துக்கொண்டிருந்தது. அவள் அதைக் காது கொடுத்துக் கேட்டுவிட்டு, வினாத்தாளை என் பக்கம் தள்ளினாள்: “அம்மணி, இந்த ஊரில் ஜன்னலை யார் திறந்தது என்று யாரும் கேட்க மாட்டார்கள், ‘மூடு’ என்று கத்துவார்கள்.”

இரண்டு வாசகர்கள்

துறை நூலகத்தில் வினைச்சொற்களைப் பற்றிய ஒரு தடித்த நூல் இருந்தது. சாம்பல் அட்டை, மட்டமான தாள், சிறிய எழுத்து. இடப் பற்றாக்குறையால் ஸ்லாவிய நூல்களைக் கிடங்குக்கு அனுப்ப முடிவெடுத்தபோது, யாரும் எடுக்காத நூல்கள் முதலில் போகும் என்று அறிவித்தார்கள். இந்த நூலாவது தப்புமா என்று விசாரிக்கப் போனேன். நூலகர் கணினியைப் பார்த்து முகம் மலர்ந்தார். ஒருவரல்ல, இருவர் இதைத் தொடர்ந்து எடுத்து வாசித்திருக்கிறார்கள் என்றார். ஒஸ்லோவில் என்னைப்போல் இன்னொரு பிறவியும் உண்டா! பெயரைக் கேட்டேன். நூலகர் வாசித்தது என் அப்பாவின் பெயரை.

நம்மவர்களுக்குக் குடும்பப் பெயர் கிடையாது என்பதை இந்த நாட்டுக் கணினிகளுக்கு விளங்கவைக்க முடியாது. முதலாண்டு அட்டையில் என் பெயரை என் பெயராகவே பதிந்தவர்கள், அட்டையைப் புதுப்பித்தபோது கடவுச்சீட்டிலிருந்த தகப்பனார் பெயரை முன்னால் போட்டு, என்னை எஸ் என்னும் ஒற்றை எழுத்தாகச் சுருக்கிவிட்டார்கள். அப்பா தஞ்சாவூரைத் தாண்டி வசித்ததில்லை. காலமாகிப் பல ஆண்டுகள் ஆகியிருந்தன. விளக்கத்தைப் பாதியளவு கேட்டுக்கொண்ட நூலகர், பரிவோடு சொன்னார்: “கவலைப்படாதீர்கள், உங்கள் தந்தை மட்டும் எடுத்துக்கொண்டிருந்தால்கூடப் போதும், நூலைக் கிடங்குக்கு அனுப்ப மாட்டோம்.”

ட்வெய்ட்டாவில் ஒரு பிறந்தநாள்

ஒஸ்லோவின் ட்வெய்ட்டா அடுக்ககத்தில் கணவரின் அலுவலக நண்பர் ஒருவர் வீட்டில் குழந்தையின் பிறந்தநாள். கோயம்புத்தூர்க்காரர் ஒருவர் கேக் தட்டோடு வந்து என்ன வேலை என்று விசாரித்தார். ரஷ்ய வினைச்சொல் பற்றி ஆராய்ச்சி என்றேன். அவருடைய மரியாதையில் குறை சொல்ல முடியாது. ஒரு நிமிடம் உண்மையாகவே யோசித்தார். “நார்வேல உட்கார்ந்து ரஷ்யனா மேடம்? ரஷ்யாவுக்கே போயிருந்தீங்கன்னா, அங்க ரோட்ல போற யாரைக் கேட்டாலும் சொல்லிடுவானே!”

இரண்டு பெட்டிகள்

துறை அலுவலகத்தில் ஆய்வாளர்களின் தாள்களையெல்லாம் கவனித்தவர் கலாமதி. யாழ்ப்பாணத்துக்காரர். பதின்ம வயதில் அகதியாக வந்து, இங்கேயே படித்தவர். நார்வேஜிய அலுவலக மொழியில் அவர் எழுதும் கடிதங்களில் நான் ஒரு பிழையும் கண்டதில்லை. தமிழில் மட்டும், என் செவிக்கு, வாக்கியத்துக்கு ஒரு பிழை. அவரும் நானும் ஏறக்குறைய ஒரே வயது. ஆயினும் என்னை ‘அக்கா’ என்பார். ஆண்டுதோறும் ஆய்வின் முன்னேற்றத்தைத் தெரிவிக்கும் படிவத்தை அவர்தான் கொண்டுவருவார். அவர் பேச்சில் அது, நார்வேஜியச் சொல்லிலேயே, ‘ஷேமா’.

ஐந்தாம் ஆண்டுப் படிவத்தில் ஒவ்வொரு இயலுக்கும் நேரே ‘முடிந்தது’, ‘முடியவில்லை’ என இரண்டு பெட்டிகள். எனக்குக் கை ஓடவில்லை. நான்கு இயல்கள் எழுதப்பட்டிருந்தன; ஆனால் விதியை எழுதிய மறுவாரமே ஒரு விதிவிலக்கு வந்து நிற்கும். அதை அடக்க விதியைத் திருத்தினால், திருத்திய விதிக்கு இரண்டு விதிவிலக்குகள். எழுதியது உண்மை, எழுதி முடித்தது உண்மையன்று. இதை எந்தப் பெட்டியில் குறிப்பது? ஓரத்தில் சிறு விளக்கம் எழுதலாமா என்று கேட்டேன். எட்டு வரிகளில் எழுதியும் காட்டினேன். கலாமதி அதை முழுவதும் வாசித்தார். இங்கெபோர்க் ஓய்வு பெற இன்னும் ஓராண்டுதான் இருக்கிறது என்பது அவருக்கும் தெரியும். பிறகு திருத்தும் வெள்ளை மையை எடுத்து என் முன்னால் வைத்தார்: “அக்கா, ஷேமாவிலை ரெண்டு பெட்டிதான் கிடக்கு. கவலைப்படுறதுக்கு எண்டு மூண்டாவது பெட்டி இவங்கள் போடேல்லை.”

வந்தனான்

அந்தக் குளிர்காலத்தில் காய்ச்சலாகக் கிடந்து, ஒரு வாரம் கழித்துத் துறைக்குப் போனேன். கதவைத் திறந்துகொண்டிருக்கும்போதே கலாமதி வந்தார். “அக்கா, முந்தநாள் உங்கட அறைக்கு வந்தனான், நீங்கள் இல்லை,” என்றார். எனக்கு உடம்பு முழுவதும் சரியாகியிருக்கவில்லை, பொறுமையும் அவ்வாறே. ஐந்தாண்டுகளாக மனத்துக்குள் மட்டும் திருத்திக்கொண்டிருந்ததை அன்று வாய்விட்டுத் திருத்திவிட்டேன். “‘வந்தேன்’னு சொல்லணும் கலாமதி. ‘வந்தனான்’ங்கறது எந்த இலக்கணத்துலயும் கிடையாது.”

அவர் கோபிக்கவில்லை, சிரித்தார். “உதென்ன கதை அக்கா! ‘வந்திட்டன்’ எண்டால் வந்து இஞ்சை நிக்கிறன். ‘வந்தனான்’ எண்டால் வந்து பாத்திட்டுப் போனனான். முந்தநாள் வந்து போன ஆள் வேற என்னெண்டு சொல்லுறது?” சாவி கதவிலேயே தொங்கியது. நான் அவரை நாற்காலியில் உட்காரவைத்து, ஹம்மர்பெஸ்ட் வினாத்தாளை வெளியே எடுத்தேன். என் அவசரத்தை அவர் காய்ச்சல் என்று நினைத்திருக்கக்கூடும்.

ரஷ்ய வாக்கியங்களை ஒவ்வொன்றாகத் தமிழில் சொன்னேன். அவர் யாழ்ப்பாணத்தில் அதை எப்படிச் சொல்வார் என்று கேட்டேன். ஏழாவது வாக்கியத்தில், “ஜன்னல் இப்ப மூடியிருக்கு, ஆனா யாரோ திறந்தது தெரியுது, என்னைக் கேட்கணும்னா எப்படிக் கேட்பீங்க?” என்றேன். “‘நீங்கள் யன்னலைத் திறந்தனீங்களோ?’” என்றார். “இன்னும் திறந்தே கிடந்தா?” “‘யன்னலைத் திறந்திட்டியளோ?’” ஒரு கணமும் தயங்கவில்லை. நாற்பது வாக்கியங்களிலும் ரஷ்யர்கள் இரண்டாம் வடிவத்தைப் போட்ட இடத்தில் அவர் இந்த ‘-னான்’, ‘-னீங்கள்’ போட்டார். ரஷ்யர்கள் தயங்கிய இடத்தில் மட்டும் தயங்கினார். ‘வந்த நான்’ என்பது ‘வந்தனான்’ ஆயிற்று போலும். செயலைச் சொல்லாமல், அந்தச் செயலைச் செய்தவர் இன்னார் என்று சொல்கிற வடிவம். என் நான்கு இயல்களிலும் இல்லாத விளக்கம் அந்த ஒரு சொல்லில் இருந்தது. தாள்களை அடுக்கிவைத்துவிட்டு எழுந்த கலாமதி, உண்மையான அனுதாபத்தோடு கேட்டார்: “இதுக்கோ அக்கா இவ்வளவு வருஷமும் ஹம்மர்பெஸ்ட் வரைக்கும் அலைஞ்சனீங்கள்? என்னட்டை ஒருக்கால் கேட்டிருக்கலாமே.”

சிவப்பு மை

இதைவிட மோசமான ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். ஒஸ்லோவின் புறநகரான மோர்டென்ஸ்ருட்டில் சனிக்கிழமைதோறும் நடந்த தமிழ் வகுப்பில் மூன்றாண்டுகளாக நான் பாடம் நடத்திவந்தேன். பிள்ளைகள் எல்லோரும் யாழ்ப்பாணத்துக் குடும்பங்களைச் சேர்ந்தவர்கள். ‘நான் நேற்று கடைக்குப் போனனான்’ என்று எழுதுவார்கள். ‘போனனான்’ என்பதைச் சிவப்பு மையில் வட்டமிட்டு, மேலே ‘போனேன்’ என்று எழுதுவேன். எத்தனை வட்டங்கள் என்று கணக்கு வைத்ததில்லை. நான் தேடித் திரிந்த சான்று வாரந்தோறும் முப்பது கையெழுத்துகளில் என் மேசைக்கு வந்திருக்கிறது; வாரந்தோறும் அதை நானே அடித்துத் திருப்பி அனுப்பியிருக்கிறேன்.

அடுத்த சனிக்கிழமை, வகுப்பு முடிந்து பெற்றோர் வந்தபோது, அந்த வடிவம் பிழையன்று, நான் சொன்னதுதான் பிழை என்று எழுந்து நின்று அறிவித்தேன். சிலர் தலையசைத்தார்கள்; சிலர் குளிர் அங்கிகளைத் தேடிக்கொண்டிருந்தார்கள். என் வகுப்பிலேயே மிகத் திருத்தமாக எழுதும் மாணவியின் தாய் மட்டும் கடைசிவரை நின்றார். மகளுக்குச் சால்வையைச் சுற்றிக்கொண்டே, என் முகத்தைப் பாராமல் சொன்னார்: “மிஸ், இவள் ஃபோனிலை தன்ர அப்பப்பாவைத் திருத்தினவள். ‘போனனான் இல்லை, போனேன்’ எண்டு. அவர் இப்ப இவளோடை கதைக்கிறேல்லை, ஃபோனை என்னட்டைக் குடு எண்டு மட்டும் சொல்லுவார்.”

உற்சாகமூட்டுகிறது

புதிய இயலை இரண்டு மாதத்தில் எழுதினேன். என் வாழ்நாளில் ஒரே மூச்சில் எழுதியது அது ஒன்றுதான். தமிழின் இந்த வடிவத்தையும் ரஷ்ய வடிவத்தையும் அருகருகே வைத்து, நான்கு இயல்களையும் அதற்கேற்ப மாற்றி அமைக்க ஓராண்டு நீட்டிப்பும் கேட்டேன். இங்கெபோர்க் அதை ஒரு வார இறுதியில் வாசித்துவிட்டு என்னைக் கூப்பிட்டார். அவர் அறையில் பாதி அலமாரிகள் காலியாகியிருந்தன. தரையில் அட்டைப் பெட்டிகள். “உற்சாகமூட்டுகிறது,” என்றார். இந்நாட்டுப் பேராசிரியர்கள் இச்சொல்லை இரண்டு இடங்களில் பயன்படுத்துவார்கள்: தாங்கள் போகும் பனிச்சறுக்குப் பயணத்துக்கு, தாங்கள் ஏற்கப் போகாத கருத்துக்கு. நான் பனிச்சறுக்கு பற்றி எதுவும் எழுதியிருக்கவில்லை.

அவர் இரக்கமற்றவர் அல்லர். காப்பி ஊற்றிக்கொடுத்து, ஒவ்வொன்றாக விளக்கினார். மதிப்பீட்டுக் குழுவில் தமிழ் அறிந்தவர் எவரும் இரார். அறியாததை அவர்கள் ஏற்க முடியாது. ஏற்க முடியாத இயல் இருந்தால் ஆய்வேட்டை முழுவதுமாகத் திருப்பி அனுப்புவார்கள். திரும்பி வரும்போது துறையும் இராது, அவரும் இரார். பழைய நான்கு இயல்களை அப்படியே கொடு. தமிழை ஓர் அடிக்குறிப்பாக வை. கோடைக்கு முன் கொடுத்துவிடு என்றார். நான் இலக்கணம் படித்தவள். எதிரே இருப்பவர் சொல்வது சரியா தவறா என்பது எனக்கு உடனே தெரிந்துவிடும். சரியாகவே இருந்தது. கதவுவரை வந்து என் தோளைத் தொட்டார். “நீ கண்டுபிடித்தது உண்மை என்றே நினைக்கிறேன். ஆனால் அது ஸ்லாவியம் அல்லவே.”

அவையோர் வினா

அவ்வாறே செய்தேன். முப்பத்தெட்டுப் பக்கங்கள் ஆறு வரிகளாயின. அந்த ஆறு வரிகளில் ஒரு வரியை எப்படி எழுதுவது என்று மட்டும் மூன்று நாள் யோசித்தேன். இது யார் சொன்னது? ‘கலாமதி, துறை அலுவலகம்’ என்று எழுதினால், படிவம் கொண்டுவருபவரிடம் கேட்டு ஆராய்ச்சி செய்தவள் என்று குழு எண்ணக்கூடும் எனத் தோன்றியது. ஆகவே ‘இலங்கைத் தமிழ் பேசும் ஒரு பெண்மணி’ என்று எழுதினேன். ஆய்வேடு முழுவதிலும் பெயரும் ஆண்டும் பக்கமும் இல்லாத மேற்கோள் அது ஒன்றே.

இங்கே முனைவர் பட்ட வாய்மொழித் தேர்வு பொது மண்டபத்தில் நடக்கும். வெளியிலிருந்து வந்த இரு தேர்வாளர்கள் எதிர்நின்று வினவுவார்கள். அதன்பின் தலைவர் எழுந்து, அவையில் இருக்கும் எவரேனும் வினா எழுப்ப விரும்புகிறார்களா என்று கேட்க வேண்டும் என்பது மரபு. எவரும் எழுப்புவதில்லை என்பதும் மரபு. முதல் தேர்வாளர் நான்கு இயல்களையும் பாராட்டினார். உழைப்பு தெரிகிறது, புதியது எதுவும் இல்லை என்றார். இரண்டாமவர் முதலாமவரை ஆமோதித்தார். தலைவர் மரபுப்படி அவையை நோக்கிக் கேட்டார். கடைசி வரிசையில் கலாமதி எழுந்தார்.

அவருடைய நார்வேஜியம் என்னுடையதைவிடத் துல்லியமானது. அடிக்குறிப்பு இருக்கும் பக்கத்தைச் சொன்னார். ஆறு வரிகளையும் வாசித்தார். மற்ற எல்லா இடத்திலும் சொன்னவரின் பெயர் இருக்கிறதே, இந்தப் பெண்மணியின் பெயர் என்ன என்று கேட்டார். இங்கெபோர்க் முன்வரிசையிலிருந்து திரும்பிப் பார்த்தார். நான் பெயரைச் சொன்னேன். குறிப்பெழுதிக்கொண்டிருந்த தலைவர் எழுத்துக்கூட்டிச் சொல்லும்படி கேட்க, ஒவ்வோர் எழுத்தாகச் சொன்னேன். கலாமதி நன்றி கூறி அமர்ந்தார். தேர்வு முடிந்தது என்றும் நான் தேறிவிட்டேன் என்றும் அறிவித்தார்கள், கைதட்டினார்கள். துறையின் பெயர்ப்பலகையை அந்தக் கோடையிலேயே கழற்றினார்கள். எனக்கு அதற்குப் பின் அங்கே வேலை இல்லை.

அன்று மண்டபத்துக்கு வெளியே கலாமதி ரோஜாப் பூங்கொத்தோடு நின்றார். பெயரைப் போட மறந்துவிட்டேன், மன்னித்துக்கொள்ளுங்கள் என்றேன். பூங்கொத்தை என் கையில் கொடுத்துவிட்டு, என் கன்னத்தில் தன் கன்னத்தை ஒற்றினார். “வாழ்த்துகள் அக்கா. ஆனால் நீங்கள் மறக்கேல்லை. யோசிச்சுத்தான் விட்டனீங்கள்.”

ஆறு ஆண்டுகள் தேடி, விதிவிலக்கே இல்லாததென்று நான் இன்று கையொப்பமிட்டுத் தரக்கூடிய விதி ஒன்றுதான், சக ஆய்வாளர்களே: அடிக்குறிப்பை எவ்வளவு சிறிய எழுத்தில் அச்சிட்டாலும், அதற்கு உரியவர் அதை வாசித்துவிடுவார்.